ஆறாம் ஆண்டின் விளைச்சல் எங்கே?

பரமத்தி வேலூர் வட்டத்து ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே நிற்கும் படுகையணையைக் கண்டவர்கள், அங்கிருந்து பிரிந்தோடும் இராஜ வாய்க்காலையும் கண்டிருப்பர். பல நூற்றாண்டுகளுக்கு முன் அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என அவ்வட்டார மக்கள் நன்றியோடு நினைவுகூரும் வாய்க்கால் அது. கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்நீரால் வாழ்கின்றன. நீர் வேண்டுமாயின் உன் சொந்தச் செலவில் ஆற்றை மறித்துக்கொள் என்று எந்த உழவனிடமும் அன்று எவரும் கூறவில்லை. பொது நன்மைக்குரிய செலவைப் பொதுவே ஏற்க வேண்டும் என்னும் எளிய நீதிக்கு அந்த வாய்க்காலே சான்று. இன்றோ, அவ்வாய்க்கால் பாயும் மண்ணைக் காக்கும் செலவை மட்டும் தனி உழவனின் தோளில் ஏற்றிவிட்டு, மேடைதோறும் இயற்கை வேளாண்மையின் பெருமையைப் பேசி மகிழ்கிறோம். இந்த முரண்பாட்டைக் குறித்தே நாம் எழுத முற்படுகிறோம்.

கணக்கைப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரியும் வேப்பம் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய் என 2018இல் நிர்ணயிக்கப்பட்டது. அதன் உண்மை விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. அம்மூட்டையில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 20 கிலோ. அதே அளவு தழைச்சத்தைத் தொழுவுரத்தால் தர விரும்பும் உழவன் ஏறக்குறைய நான்கு டன் எருவைத் தேட வேண்டும். தொழுவுரம் வேறு பல சத்துகளையும் தந்து மண்ணை வளப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் அந்த நான்கு டன்னையும் வாங்கி, ஏற்றி, இறக்கி, வயலில் பரப்பும் கூலி முழுவதும் அவனுடைய மடியிலிருந்தே போக வேண்டும். ஒரு வழி சறுக்குப் பாதையாகவும் மறு வழி முள்வேலியாகவும் அமைந்திருக்கையில், அவன் ஏன் சறுக்குகிறான் என்று வியப்பது நேர்மையாகுமா?

இச்சறுக்குப் பாதை தானாக அமைந்ததன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் உரிய உரங்களின் விலை, ஊட்டச்சத்து அடிப்படையிலான மானிய முறைக்கு மாற்றப்பட்டது. யூரியா மட்டும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஏனைய உரங்களின் விலை ஏற ஏற, மலிவான யூரியாவையே உழவன் மிகுதியாக இட்டான். பயிர் உண்டது போக எஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் கலக்கிறது. வடிகால் வழியே ஆற்றையும் சேர்கிறது. திருச்சிக்கு அருகில் எடுக்கப்படும் காவிரி நீர் இராமநாதபுரம் வரை குடிநீராகச் செல்கிறது என்பதை மறந்துவிடலாகாது. ஜேடர்பாளையத்து வயலில் ஓர் உழவன் செய்யும் நன்மையும் தீமையும் அவன் வரப்போடு நிற்பதில்லை.

2022-23 நிதியாண்டில், உலகச் சந்தையில் விலை உயர்ந்திருந்த நிலையில், உர மானியத்திற்காக நடுவண் அரசு செலவிட்டது ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி ரூபாய். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்திற்கு, 2025-26 வரைக்குமாக, நடுவண் அரசும் மாநிலங்களும் சேர்ந்து ஒதுக்கியது 2,481 கோடி ரூபாய். ஓராண்டு உர மானியத்தில் இது நூற்றில் ஒரு பங்கு! தமிழ்நாடு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்திற்கு 206 கோடி ரூபாய் அறிவித்தது. இம்முயற்சிகளை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், பாராட்டு கணக்குப் பார்ப்பதைத் தடுக்கலாகாது.

2015இல் தொடங்கப்பட்ட பரம்பரகத் கிருஷி விகாஸ் திட்டத்தின் திருத்திய விதிகளின்படி, இடுபொருளுக்காக உழவன் கைக்கு நேரே சேர்வது மூன்றாண்டுகளுக்கு எக்டேருக்கு 15,000 ரூபாய். ஏக்கர்க் கணக்கில் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய். நாளொன்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. ஒரு குவளைத் தேநீருக்கும் போதாத தொகையைக் கொடுத்து, "மண்ணைக் காப்பாற்று, ஆற்றைக் காப்பாற்று, எங்கள் பிள்ளைகளின் உணவையும் காப்பாற்று" என்று கேட்கிறோம்.

மாற்றத்தின் முதல் ஆண்டுகளில் விளைச்சல் குறையக்கூடும் என்பதை இயற்கை உழவர் பலரும் ஒளிவின்றிச் சொல்கின்றனர். சணப்பையையோ தக்கைப்பூண்டையோ விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதற்கு ஒன்றரை மாத காலம் நிலம் வருவாயின்றிக் கிடக்க வேண்டும். கொடிக்காலில் வெற்றிலைக்கு ஊன்றுகோலாகும் அகத்தி மண்ணுக்குத் தழைச்சத்தையும் ஆட்டுக்குத் தீவனத்தையும் தருகிறது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். எனவே உழவனிடம் இன்று குறைவது அறிவன்று. அந்த இடைக்காலத்தைக் கடக்கும் வலிமையே குறைகிறது.

லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை இந்நோக்கில் மீண்டும் வாசிக்க வேண்டுகிறோம். ஏழாம் ஆண்டில் நிலத்திற்கு ஓய்வு கொடுக்குமாறு கட்டளையிட்ட ஆண்டவர், அப்படியானால் எதை உண்போம் என்ற மக்களின் வினாவை அவநம்பிக்கை என்று கடிந்துகொள்ளவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான விளைச்சலை ஆறாம் ஆண்டிலேயே தருவதாக வாக்களித்தார். கட்டளையிட்டவரே உணவுக்கும் வழிசெய்தார். நம் அரசுகளோ கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறாம் ஆண்டின் விளைச்சலை மறந்துவிட்டன.

இவ்வாறு மறந்தால் நேர்வதென்ன என்பதை இலங்கை நமக்குக் காட்டியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அந்நாட்டு அரசு திடீரெனத் தடை செய்தது. மாற்று உரமும் இல்லை. இழப்பீட்டுக்கு முன்னேற்பாடும் இல்லை. விளைச்சல் சரிய, உழவர் வீதிக்கு வர, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. இதனைக் காட்டி, இயற்கை வேளாண்மையே வீண் என்பார் உளர். அவர்கள் சிக்கிமையும் நோக்கட்டும். அங்கே 2003இல் சட்டமன்றத்தில் அறிவித்து, படிப்படியாக நடந்து, 2016 ஜனவரியில்தான் முழு அங்கக மாநிலமாக அறிவித்தனர். ஆறு மாத ஆணைக்கும் பதின்மூன்று ஆண்டுப் பொறுமைக்கும் உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

மானியம் உழவனைச் சோம்பேறியாக்கும் என்று கூறுவோரும் நம்மிடையே உள்ளனர். ஊருக்காகக் கிணற்றைத் தூர்வாரியவனுக்குக் கொடுப்பது பிச்சையா, கூலியா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், சிறு உற்பத்தியாளருக்கு உறுதியான ஆதரவு அளிப்பது ஆட்சியாளரின் உரிமையும் கடமையும் என்று கற்பித்ததை இவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. மாற்றத்திற்குரிய மூன்று ஆண்டுகளிலும் உண்மையான இழப்புக்கு ஈடாக ஏக்கர் வாரியாக உதவித்தொகை வேண்டும். அது பொட்டலங்களாக வராமல், செய்த பணிக்குரிய பணமாக வரட்டும். பட்டாவும் சிட்டாவும் தன் பெயரில் இல்லாத குத்தகை உழவனுக்கும் அது சேரட்டும். மண்ணில் குனிபவன் அவனே. விளைந்த பொருளைச் சத்துணவுக் கூடங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் நியாய விலையில் அரசு கொள்முதல் செய்யட்டும்.

நம்மையும் விட்டுவிடலாகாது. ஜேடர்பாளைய வட்டாரத்து ஆலைக்கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சுவோர் அழுக்கெடுக்க வெண்டைச் செடிச் சாறும் சுண்ணாம்பும் இட்டால் வெல்லம் கருத்திருக்கும். கடையில் நாம் அதனை ஒதுக்கி, ஹைட்ரோஸ் இட்டு வெளுத்ததையே பொறுக்கி எடுக்கிறோம். நம் பங்குகளும் நிறுவனங்களும் நிலம் வைத்துள்ள இடங்களில், இயற்கை வழிக்கு மாறும் குத்தகைதாரருக்கு மூன்று ஆண்டுகள் குத்தகையைக் குறைத்துக் கொடுத்தால் என்ன? அரசிடம் கேட்பதற்கு நமக்குள்ள தகுதி, நாம் கொடுத்ததிலிருந்தே பிறக்கும்.

படுகையணை இன்றும் நிற்கிறது. அதன் பயனை நுகரும் நாம், அதைக் கட்டியவர்களின் நீதியையும் பேணுவோம். உழவனை நிலத்திற்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் முன், அவன் அடுப்பில் உலை கொதிக்க வழிசெய்வோம்.