தேர்வுத்தாளில் பறைக்கு இரண்டு மதிப்பெண்

இன்னும் பத்து நாளில் எனக்குச் செமஸ்டர் தேர்வு. இணையவழியில் இசைப் பட்டப்படிப்பு. திண்டுக்கல்லில் எங்கள் வீடு இரண்டு அறைதான். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, போனில் சுருதியைப் போட்டுக்கொண்டு மாயாமாளவகௌளையில் அலங்காரம் பாடுகிறேன். ஆறு மணிக்கு மேல் குக்கர் விசிலும் தெருச் சத்தமும் எந்தச் சுருதிக்கும் அடங்குவதில்லை.

இந்தப் படிப்பைக் குறை சொல்வதற்கு முன் அது எனக்குக் கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதில் பாட்டுக் கற்க ஆசை. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “எந்தத் தெரு?” பதிலைச் சொன்னவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். திரையில் என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மதுரை இசைக் கல்லூரிக்குத் தினமும் பஸ் ஏற வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்கு, ஒரு போனும் டேட்டாவும் கதவைத் திறந்தன. இது சின்ன விசயம் இல்லை.

ஆனால் கதவுக்கு உள்ளே பழைய திண்ணை அப்படியே இருக்கிறது. அதற்கு இப்போது பாடத்திட்டம் என்று பெயர்.

தாளின் தலைப்பு ‘இந்திய இசை’. படிப்பதில் பெரும்பகுதி கர்நாடக இசை. மும்மூர்த்திகளின் வரலாறு பத்து மதிப்பெண். 72 மேளகர்த்தா பத்து மதிப்பெண். பறை வருவது ஒரே இடத்தில்: ‘தோல் கருவிகளுக்கு எடுத்துக்காட்டுத் தருக’, இரண்டு மதிப்பெண். அங்கேயும் கையேட்டில் இருக்கும் விடை மிருதங்கமும் கஞ்சிராவும்.

மிருதங்கமும் மாட்டுத்தோல் இல்லாமல் பேசாது. அந்தத் தோலைப் பதப்படுத்தி, இழுத்துக் கட்டுகிற தலித் கிறித்தவக் கைவினைஞர்களைப் பற்றித்தான் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் ஒன்றுதான். வாசிப்பவரை ‘வித்வான்’ என்கிறோம். செய்பவருக்குப் பாடநூலில் ஒரு வரி கிடையாது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன பேகம்பூர் இருக்கிற ஊர்க்காரிக்கு இது கண்ணில் படாமல் எப்படிப் போகும்?

இன்னொரு விடுபடல் எங்கள் ஊரைப் பற்றியது. ‘கருணாமிர்த சாகரம் நூலின் ஆசிரியர் யார்?’ ஒரு மதிப்பெண் கேள்வி. ஆபிரகாம் பண்டிதர் என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றதும், பாடம் நடத்தியதும், இசை கற்றதும் திண்டுக்கல்லில்தான் என்பதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. நாடார் குடும்பத்தில் பிறந்த ஒரு கிறித்தவர் 1912இல் தஞ்சையில் இசை மாநாடு கூட்டினார். சுருதி இருபத்திரண்டு என்ற கருத்தை மறுத்து, இருபத்து நான்கு என்று வாதிட்டு, தமிழிசையின் இலக்கணத்தை 1917இல் பெருநூலாக அச்சிட்டார். அந்த வாதம் சரியா தவறா என்று மாணவர்களை விவாதிக்க வைத்தால் அது இசைக் கல்வி. பெயரை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது வேறு.

போன வாரம் நாட்டார் இசை அலகுக்கான ஐந்து நிமிடச் செய்முறைக்குப் பறையை எடுத்தேன். தாத்தாவுடைய பறை. தோலைத் தீயில் காய்ச்சி, தோழிக்குக் காணொளியில் அடித்துக் காட்டினேன். “ஒண்ணுமே கேக்கலடி, நடுநடுவுல டொக்குனு வருது” என்றாள். மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வெட்டிவிடும்படிதான் இந்தச் செயலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அமைப்புகளுக்குள் போய் இரைச்சல் நீக்கத்தை அணைத்த பிறகுதான் பறை கேட்டது. மென்பொருளுக்குச் சாதி தெரியாது. அணைக்கும் பொத்தானும் அதில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் அந்தப் பொத்தான் எங்கே?

பறைச் சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். “இத விட்டுத் தொலையணும்னுதான பாப்பா ஒன்னயப் படிக்க வச்சோம். திரும்பவும் இதயா கையில எடுக்குற?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். சாவு வீட்டில் கூலியும் மரியாதையும் இல்லாமல் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவி அது. ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று மறுத்ததும் நம் போராட்ட வரலாறுதான். பறையைக் கொண்டாடும் தோழர்கள் அந்த மறுப்பை மறந்துவிடக் கூடாது. அதே நேரம், சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு இதே திண்டுக்கல் வட்டாரத்தில் தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியிருக்கிறது. சாவு வீட்டில் ஆணுக்கு இழிவாகச் சுமத்தப்பட்டதை, மேடையில் பெண்கள் தாங்களே விரும்பி எடுத்தார்கள். அப்பாவின் மறுப்பும் அவர்களுடைய அடியும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எதை வாசிப்பது என்று முடிவு செய்வது யார்?

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. விருது ஒருவருக்குக் கிடைக்கும். பாடத்திட்டம் மாறினால் ஆயிரம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். பறையை முதன்மைப் பாடமாக எடுக்கும் வாய்ப்பு, கற்பிக்க ஆசான்களுக்கே முறையான பணி, கருவி செய்வோரைப் பற்றி ஓர் அலகு ஆகியவற்றைக் கேட்கிறேன். கர்நாடக இசையை எடுத்துவிடச் சொல்லவில்லை. விடியற்காலையில் அதைப் பாடுகிறவள் நான்.

தேர்வில் அந்த இரண்டு மதிப்பெண் கேள்வி இந்த முறையும் வரும். மிருதங்கம் என்று எழுதுவேன். அதற்கு முன்னால் பறை என்று எழுதுவேன். தேர்வு எழுதப்போகிற தோழர்களே, நீங்களும் எழுதுங்கள். திருத்துகிறவர் ஒவ்வொரு தாளிலும் அதைப் பார்க்கட்டும்.