மாவுச்சத்து குறைந்த உணவுமுறையில் ஒயினுக்கு இடமுண்டா?

2023 டிசம்பர் 8 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரிக்கப்படும் ஒயின்களின் ஆற்றல் அளவு, சேர்பொருள்கள், ஊட்டச்சத்து விவரம் ஆகியவற்றை வாங்குவோர் அறியச் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. கலோரி அளவு சீட்டிலேயே அச்சாகும். மற்ற விவரங்களைக் கியூஆர் குறியீட்டின் வழியே காணலாம். ஒரு குப்பியில் எத்தனை கிராம் சர்க்கரை உள்ளது என்பது இவ்வாறு வெளிப்படையான பிறகு, மாவுச்சத்தைக் கணக்கிட்டு உண்பவர்களின் ஐயம் கூர்மையடைந்திருக்கிறது. பேலியோ, கீட்டோ போன்ற உணவுமுறைகளைப் பின்பற்றும் நம் மாநிலத்தவரும் வெளிநோயாளர் பிரிவில் இதைக் கேட்கின்றனர்: “சோற்றை விட்டுவிட்டேன், சர்க்கரை இல்லாத ஒயின் ஒரு கோப்பை அருந்தலாமா?”

மாவுச்சத்தை மட்டும் பார்த்தால் கணக்கு எளிது. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை நொதியம் மதுச்சாரமாக மாற்றிவிடுவதால், ‘டிரை’ எனப்படும் இனிப்பற்ற ஒயினில் எஞ்சுவது சொற்பமே. 150 மில்லி கொண்ட ஒரு கோப்பையில் மாவுச்சத்து சுமார் 4 கிராம். ஓர் இட்லியில் உள்ளதைவிடக் குறைவு. இனிப்பு ஒயின்களின் நிலை வேறு. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை எஞ்சும் போர்ட் வகை ஒயினை அதே அளவு அருந்தினால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, உடலில் சேரும். கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுகளில் சர்க்கரை சேர்த்து ஊறவைக்கப்படும் திராட்சை ஒயினும் பெரும்பாலும் இந்த இனமே. வீட்டில் செய்தது என்பதால் அதிலுள்ள சர்க்கரை குறைந்துவிடாது.

எனினும் சர்க்கரை பூச்சியம் என்றால் கலோரி பூச்சியம் என்று பொருளல்ல. ஒரு கிராம் மதுச்சாரம் 7 கலோரி தரும். மாவுச்சத்தோ 4 மட்டுமே. 12 விழுக்காடு மதுச்சாரமுள்ள 150 மில்லி ஒயினில் சுமார் 14 கிராம் மதுச்சாரம் இருப்பதால், அதன் 120 கலோரியில் ஏறத்தாழ 100 கலோரி மதுச்சாரத்திலிருந்தே வருகிறது. உடலால் மதுச்சாரத்தைச் சேமித்து வைக்க இயலாது. ஆகவே கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதை முதலில் எரிக்கிறது. கொழுப்பு எரிவது அதுவரை மந்தமாகிறது. கொழுப்பை எரிப்பதற்காகவே சோற்றைத் துறந்த ஒருவர், அந்த எரிப்பைச் சில மணி நேரத்துக்குத் தாமே நிறுத்திவைப்பது இந்த ஏற்பாட்டிலுள்ள முரண். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருந்தாத சேர்க்கை இல்லை.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள் அடுத்த பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். இரவில் நாம் உண்ணாத நேரத்தில் இரத்தச் சர்க்கரையைக் காப்பது கல்லீரல். அது தன் கையிருப்பான கிளைக்கோஜனைக் கரைத்தும், புரதம் முதலியவற்றிலிருந்து புதிய குளுக்கோஸை உருவாக்கியும் சர்க்கரையை நிலைநிறுத்துகிறது. மாவுச்சத்து குறைந்த உணவில் முதல் வழியின் கையிருப்பு சுருங்கியிருக்கும். மதுச்சாரம் இரண்டாவது வழியை அடைத்துவிடும். இதற்கிடையே கிளிமெபிரைட், கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் உண்டீர்களா இல்லையா என்று பாராமல் இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியும் அவ்வாறே. மக்கள் ‘லோ சுகர்’ என்று சொல்லும் தாழ்சர்க்கரை நிலை, அருந்திய உடனே அன்றி நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோ வருவது இதனால்தான். வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம் ஆகிய அதன் அறிகுறிகள் போதையின் தோற்றத்தை ஒத்திருக்கும். மதுவாடையும் சேர்ந்துவிட்டால், “குடித்திருக்கிறார், தூங்கட்டும்” என்று குடும்பத்தார் விட்டுவிடுகின்றனர். அந்த உறக்கம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இன்னொரு மருந்து வகையையும் சொல்லியாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிவடைந்ததால் அதன் விலை பெரிதும் குறைந்து, பலருக்கும் எட்டும் மருந்தாகிவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மருந்து என்பதால் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இதனுடன் கடுமையான மாவுச்சத்துக் குறைப்பும் மதுவும் சேரும்போது, இரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் மிகுந்து கீட்டோஅமிலத்தன்மை ஏற்படக்கூடும். அப்போது சர்க்கரை அளவு அதிகம் உயராமலே இருக்கலாம் என்பதால், வீட்டிலுள்ள குளுக்கோமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவற்றை ‘ஒயின் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கருதி வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் சென்று கீட்டோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அளவான ஒயின் நன்மை தரும் என்ற ஆய்வும் உண்டே எனச் சிலர் கேட்பர். உண்டு. இஸ்ரேலில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 224 பேர் இரவு உணவுடன் 150 மில்லி சிவப்பு ஒயினையோ வெள்ளை ஒயினையோ தண்ணீரையோ ஈராண்டு அருந்தினர். சிவப்பு ஒயின் அருந்தியோரிடம் நல்ல கொழுப்பு சற்று உயர்ந்தது. ஆனால் அவர்கள் உண்டது தானியமும் பருப்பும் இடம்பெறும் மத்தியதரைக்கடல் உணவு, கீட்டோ அன்று. அந்த முடிவை இங்கே அப்படியே பெயர்த்து நடுவது பிழை. மேலும், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் அறிவித்தது. மதுவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டி அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் 2025 ஜனவரியில் எச்சரிக்கை வெளியிட்டார். மார்பகம், குடல், கல்லீரல் ஆகியவற்றின் புற்றுநோய்கள் அதில் அடங்கும். ஒயினுக்கு இதில் விதிவிலக்கு இல்லை.

ஆகவே இதுவரை மது அருந்தாதவர், உடல்நலத்தின் பெயரால் ஒயினைத் தொடங்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும், கல்லீரல் நோயோ கணைய அழற்சியோ உள்ளவர்களும், மதுப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே அருந்துபவர்கள், உணவுமுறையை மாற்றும் முன்னரே அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் அருந்துவதைத் தவிருங்கள். உறங்கும் முன் சர்க்கரையைச் சோதியுங்கள். வோக்ளிபோஸ் மாத்திரை உட்கொள்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சாதாரணச் சர்க்கரை விரைந்து பயன்தராது. குளுக்கோஸ் தூள்தான் வேண்டும். அதை வீட்டில் வைத்திருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் புகட்டாமல் 108ஐ அழையுங்கள். வரும் ஊழியரிடம் என்ன மாத்திரை, கடைசியாக எப்போது உண்டார், எப்போது அருந்தினார் என்ற மூன்றையும் தெரிவியுங்கள்.