தலைகீழா நின்னாத்தான் யோகாவா?

'உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆசனம் எது?'

யோகா கிளாஸ் பக்கம் ஒரு வாரம் எட்டிப் பார்த்தவரிடம்கூட இதைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்கவே மாட்டார். 'சிரசாசனம் சார்!' என்று பளிச்சென்று பதில் வரும். செய்து பார்த்திருக்கிறாரா என்றால், அது வேறு விஷயம். கிளினிக் காலண்டரிலோ, மகனின் செல்போனிலோ பார்த்திருப்பார். அதிலேயே ஒரு மயக்கம்.

அடுத்து, 'நீங்க எந்த ஸ்டைல் பண்றீங்க?' என்று கேட்டுவிட்டால் போச்சு! 'எங்க மாஸ்டர் சொல்லித் தர்றதுதான் ஒரிஜினல். மத்த இடத்துலயெல்லாம் வெறும் டிரில்!' என்று ஆரம்பித்துவிடுவார்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார் என்பதற்காக ஓர் ஆசனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் வயசு, உங்கள் வியாதி, நாள் பூராவும் நீங்கள் பார்க்கிற வேலை... இந்த மூன்றையும் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் ஒரு சாகசம்

என் தம்பி மகள் கல்யாணம். அப்போது எனக்கு வயசு நாற்பத்தொன்பது. முதல் நாள் ராத்திரி, மண்டபத்து மாடியில் பொடிசுகள் எல்லாம் சூழ்ந்துகொண்டு, 'பெரியப்பா யோகா பண்ணுவாராம்... பெரியப்பா, தலைகீழா நின்னு காட்டுங்க!' என்று நச்சரித்தார்கள். வயிற்றில் அப்போதுதான் ஜானவாச டிபன் இறங்கியிருந்தது. இருந்தாலும் விடுவேனா? ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன். தலையை வைத்தேன். காலைத் தூக்கினேன். பசங்கள் கை தட்டினார்கள்.

இறங்கும்போது கழுத்தில் 'சுளுக்'கென்று ஒரு பிடிப்பு.

மறுநாள் முகூர்த்தத்துக்குக் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் இன்றைக்கும் அந்தப் பட்டைதான் முதலில் கண்ணில் படும். வலி மூன்று மாதம் படுத்தி எடுத்தது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் கேட்ட கேள்வி மறக்கவே மறக்காது: 'கழுத்தெலும்பு ஏற்கெனவே தேஞ்சிருக்கு. பி.பி. மாத்திரை வேற சாப்பிடறீங்க. உங்களை யார் சார் தலைகீழா நிக்கச் சொன்னது?'

யாரும் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிற விஷயத்தைக் கிளாஸில் நானும் சொல்லவில்லை. சொன்னால் சிரசாசனம் கிடையாது என்று சொல்லிவிடுவார்களே! தப்பு முழுக்க என்னுடையதுதான்.

என் சம்சாரம் கதை வேறு. அவளுக்கு முட்டித் தேய்மானம். 'சாப்பிட்டதும் வஜ்ராசனத்துல உக்காருங்க, நல்லா ஜீரணமாகும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜீரணம் என்னவோ ஆச்சு. எழுந்திருக்கத்தான் இரண்டு ஆள் தேவைப்பட்டது!

வஜ்ராசனம் கெட்ட ஆசனமா? இல்லவே இல்லை. முட்டி நன்றாக இருக்கிறவர்களுக்கு அருமையான ஆசனம். அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஒரு குரு, நாலு பாணி

'எங்க ஸ்டைல்தான் உசத்தி' என்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஒரு பெயர்: திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888-ல் பிறந்தவர். 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர். 1950-களில் சென்னைக்குக் குடிவந்து, 1989-ல் நூறு வயசைத் தாண்டி இங்கேயே காலமானார்.

இன்று உலகமெங்கும் கொடிகட்டிப் பறக்கிற பாணிகளில் பலவற்றுக்கு வேர் இந்த ஒரே மனிதர்தான். அவருடைய சீடர்களைப் பாருங்கள்.

மைசூரிலேயே தங்கிவிட்ட பட்டாபி ஜோய்ஸ் பரப்பியது 'அஷ்டாங்க வின்யாசம்'. ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு மூச்சோடு தாவித் தாவிப் போகிற வேகமான முறை. வியர்வை ஆறாக ஓடும்.

புனேவுக்குப் போன பி.கே.எஸ். ஐயங்கார், சின்ன வயசில் நோஞ்சானாக இருந்தவர். அவர் பாணியில் ஒவ்வொரு நிலையும் அளவெடுத்தாற்போல இருக்க வேண்டும். கை எட்டாதவர்களுக்கு மரக்கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலி என்று துணைக் கருவிகளைப் புகுத்தினார். தரையைத் தொட முடியாத தாத்தாவும் கட்டையைத் தொட்டுக்கொண்டு திரிகோணாசனம் செய்யலாம்.

இந்திரா தேவி, ரிகா நகரத்தில் பிறந்த வெளிநாட்டுப் பெண்மணி. ஹாலிவுட்டில் யோகா நிலையம் திறந்தார். அவர் சொல்லித் தந்தது மென்மையான பயிற்சி.

நாலாவது, கிருஷ்ணமாச்சார்யாவின் மகன் டி.கே.வி. தேசிகாச்சார். இன்ஜினீயரிங் படித்தவர். 1976-ல் சென்னையில் அப்பாவின் பெயரிலேயே யோக மந்திரம் ஆரம்பித்தார். ஆளைப் பார்த்து, அவர் நிலைமைக்கு ஏற்றபடி ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் அமைத்துத் தருவதுதான் அங்கே அடிப்படை.

ஒரே வாத்தியார் எப்படி நாலு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்? மைசூரில் அவர் முன்னால் நின்றவர்கள் துள்ளித் திரிகிற வாலிபப் பையன்கள். சென்னையில் வந்தவர்களில் பலர் வியாதியோடு வந்தவர்கள், வயசானவர்கள். ஆளுக்குத் தகுந்தபடி பாடம் மாறியது.

நம் வீட்டு அடுக்களையில் நடப்பதுதானே இது! அரைத்து வைத்தது ஒரே மாவு. பேரனுக்கு முறுகல் தோசை, பல் போன தாத்தாவுக்கு இட்லி. 'எது ஒரிஜினல் மாவு?' என்று யாராவது சண்டை போடுவார்களா?

உங்கள் வீட்டுக் காலேஜ் பையன் தாவிக் குதித்து யோகா பண்ணுகிறானா? பேஷாகப் பண்ணட்டும். அவனுக்கு அது முறுகல் தோசை. அதையே அவன் அப்பாவும் பண்ணணும்னு என்ன கட்டாயம்?

தலையை வைக்கும் முன்னால்...

சிரசாசனத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவுமில்லை. சின்ன வயசிலிருந்தே நல்ல குருவிடம் முறையாகப் பழகி, உடம்பில் கோளாறு இல்லாதவர்கள் செய்யட்டும். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பயின்ற 75 பேரைச் சிரசாசனத்தில் நிறுத்தி, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். 2006-ல் அந்த ஆய்வு வெளியானது. தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் சுமார் இரண்டு மடங்காகிவிடுகிறது என்று தெரிந்தது. நல்ல கண் தாங்கிக்கொள்ளலாம். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் உள்ளவர்கள்? தனக்கு அது இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள்? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, ரத்தக் கொதிப்பு, கிளாக்கோமா, சர்க்கரையால் கண்ணின் விழித்திரை பாதித்தவர்கள், கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள்... இவர்கள் யாரும் தலைகீழ் ஆசனங்கள் பக்கம் போகவேண்டாம்.

இடுப்பில் டிஸ்க் பிதுங்கியவர்கள் பச்சிமோத்தாசனம் போல முன்னால் மடிகிற ஆசனங்களை ஒதுக்கிவைக்க வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களில் பலருக்கு எலும்பு பலம் குறைந்திருக்கும். அவர்களும் முதுகைக் கூனிக்கொண்டு வலுக்கட்டாயமாக மடியக் கூடாது. முதுகெலும்பு நசுங்கி விரிசல் விட வாய்ப்பு இருக்கிறது. கர்ப்பிணிகள் குப்புறப் படுக்கிற ஆசனங்களையும், வயிறு வயசான ஆபரேஷன் காயம் ஆறாதவர்கள் புஜங்காசனம், தனுராசனம் போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும்.

'அப்ப நாங்க என்னதான் பண்றது?' என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. என் சம்சாரம் இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்கிறாள். கையை உயர்த்தி இறக்குகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தாடாசனத்தில் நிற்கிறாள். பத்மாசனம் போட்டால்தான் பிராணாயாமம் பலிக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பதஞ்சலி முனிவரையே கேளுங்கள். யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவாக சூத்திரங்கள். ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று! அதிலும் எந்த ஆசனத்தின் பெயரையும் சொல்லவில்லை. அசையாமல், அதே சமயம் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை. பல்லைக் கடிக்கச் சொல்லவே இல்லை.

எனக்குப் பிடித்தது எது?

இப்போது அதே கேள்வியை என்னிடம் கேட்டால், 'சவாசனம்' என்பேன். சிரிக்காதீர்கள்! 'சும்மா படுக்கிறதுக்கு ஒரு ஆசனமா?' என்று நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். கிளாஸில் மாஸ்டர் 'எல்லாரும் சவாசனம்' என்றதும், பாயைச் சுருட்டிக்கொண்டு நழுவிவிடுவேன். ஆபீசுக்கு நேரமாச்சே!

ஹடயோக பிரதீபிகை என்ற பழைய நூல் பதினைந்து ஆசனங்களை விவரிக்கிறது. அந்தப் பதினைந்தில் சவாசனம் இருக்கிறது. சிரசாசனம் இல்லை! தலை கீழாகவும் கால் மேலாகவும் இருக்கிற விபரீதகரணியை அந்த நூல் வேறோர் அத்தியாயத்தில் முத்திரையாகத்தான் வைத்திருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமை பத்தமடையில் பிறந்து, மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேசம் போனாரே சுவாமி சிவானந்தர்... அவருடைய மரபிலும் ஒவ்வோர் ஆசனத்துக்கும் நடுவில் படுத்து ஓய்வெடுக்க வைப்பார்கள்.

செய்வது சுலபம். பாயில் மல்லாந்து படுங்கள். கால்களைக் கொஞ்சம் அகட்டி, கைகளை உடம்பிலிருந்து விலக்கி, உள்ளங்கை மேலே பார்க்கட்டும். முதுகு வலித்தால் முட்டிக்கடியில் ஒரு தலையணை. பாதத்திலிருந்து நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்துத் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம்; அதன் போக்கிலேயே விடுங்கள். பத்து நிமிஷம் போதும். மூச்சு நிதானப்படும், இதயத் துடிப்பும் தணியும். எழுந்திருக்கும்போது வலது பக்கமாகப் புரண்டு, கை ஊன்றி எழுந்திருங்கள். கஷ்டமான விஷயம் ஒன்றே ஒன்றுதான்: தூங்கிவிடக் கூடாது!

தினமும் காலையில் தாடாசனம், பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துகிற மார்ஜாரி ஆசனம், கொஞ்சம் மூச்சுப் பயிற்சி, கடைசியில் சவாசனம். இவ்வளவுதான் என் யோகா. கைதட்டல் கிடைக்காது. கழுத்து வலியும் கிடையாது. பி.பி. மாத்திரையை மட்டும் விடவில்லை. 'ஆசனம் செய்கிறேனே, மாத்திரை எதற்கு?' என்று தானாக நிறுத்துகிறவர்கள் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள். கூட்டுவதோ குறைப்பதோ டாக்டர் வேலை.

புதிதாக யோகா கற்றுக்கொள்ளப் போகிறீர்களா? மூன்றே மூன்று விஷயம் பாருங்கள். முதல் நாள் மாஸ்டர் உங்களிடம், 'என்ன வயசு? என்ன மாத்திரை சாப்பிடறீங்க? ஆபரேஷன் ஏதாவது ஆச்சா?' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். அப்போதும் காதில் வாங்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்! இரண்டாவது, வயிறு காலியாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாடு முடிந்து மூணு, நாலு மணி நேரமாவது ஆகட்டும். மூன்றாவது, ஆசனத்தில் இருக்கும்போது மூச்சு முட்டாமல் போய்வருகிறதா, முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா? அந்த ஆசனம் அன்றைக்கு உங்களுக்கு ஜாஸ்தி.

போன தை மாசம் இன்னொரு கல்யாணம். அன்றைய பொடிசுகள் இப்போது மீசை முளைத்த இளைஞர்கள். பழைய ஞாபகத்தில் ஒருத்தன் கண் சிமிட்டினான்: 'பெரியப்பா, இன்னைக்கு என்ன ஆசனம்?'

'சவாசனம்டா' என்றேன்.

பந்தி முடிந்து மண்டபம் பூராவும் உருண்டுகிடந்த உறவுக்காரர்களைக் கையைக் காட்டி, 'இங்க எல்லாருமே அதுலதான் இருக்காங்க பெரியப்பா!' என்றான்.

'அவங்க தூங்கறாங்க. நான் முழிச்சுக்கிட்டே பண்ணுவேன்' என்று சொல்லிவிட்டு, ஒரு ஓரமாகப் பாயை விரித்தேன்.

யாரும் கை தட்டவில்லை. கழுத்து நன்றாகவே இருக்கிறது.