பட்டறை சார்ஜருக்கு வீட்டில் என்ன வேலை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி ஆன்டி வைரஸ், பிரின்டர், வைஃபை பற்றியவை. யுபிஎஸ் பெட்டிக்குள்ளும் இன்வெர்ட்டருக்குப் பக்கத்திலும் இருக்கும் பேட்டரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது செத்த பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது கேட்பதும் ஒரே கேள்விதான்: "ஒர்க்ஷாப் சார்ஜர் ஒன்று வாங்கி வந்து ஒரு ராத்திரி போட்டால் சரியாகிவிடுமா?"

சரியாகலாம். ஆனாலும் அந்தச் சார்ஜரை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது.

என் ஊர் களியக்காவிளை. தமிழ்நாட்டின் கடைசி ஊர். பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் கேரளா வந்துவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தை ஒட்டிக் கடந்தபோது ரப்பர் மரங்களும் வாழைகளும் சாய்ந்தன. அவற்றோடு மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பி வராத புயல் அது. அந்த இழப்புக்கு முன்னால் கரண்ட் இல்லை என்பது ஒரு கஷ்டமே அல்ல. இருந்தாலும் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தக் கரண்ட் இல்லாத நாட்கள்தான்.

நான் அப்போது இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமா வீட்டில் ஓர் இன்வெர்ட்டர் இருந்தது. 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி. மாமா மகளின் கம்ப்யூட்டரும் அதில்தான் ஓடும். முதல் நாள் இரவிலேயே பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் திரும்பி வரும் வரை, பல நாட்கள், அது காலியாகவே கிடந்தது. கரண்ட் வந்த அன்று இன்வெர்ட்டர் அதைச் சார்ஜ் செய்ய மறுத்துவிட்டது. பேட்டரி வோல்ட்டேஜ் மிகவும் கீழே இறங்கிவிட்டால் சில இன்வெர்ட்டர்கள் அப்படித்தான் செய்யும். இதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம், அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

மாமா தெரிந்த ஒரு பட்டறையிலிருந்து சார்ஜரைத் தூக்கி வந்தார். பெரிய இரும்புப் பெட்டி, ஓர் அம்மீட்டர், திருகும் சுவிட்ச் ஒன்று, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப். சுவிட்சைக் கடைசி வரை திருகிவிட்டார். பேட்டரி கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில்தான் இருந்தது. வெளியே மழை, ஆகவே ஜன்னலும் சாத்தியிருந்தது. "மாமா, எத்தனை மணிக்கு ஆஃப் பண்ணணும்?" என்று கேட்டேன். "லைட்டு எரியுதுல்லா மக்களே, அது பாட்டுக்கு ஏறும்" என்றார். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

காலையில் அந்த அறைக்குள் போகவே முடியவில்லை. அழுகிய முட்டை நாற்றம். கண் எரிந்தது. பேட்டரியின் பக்கவாட்டைத் தொட்டால் கை பொறுக்காத சூடு, உள்ளே கொதிக்கும் சத்தம் வேறு. மாமா பதறிப்போய்க் கிளிப்பைப் பிடுங்கக் குனிந்தார். அந்த நேரத்தில் சார்ஜரைத் திரும்ப வாங்க வந்திருந்த பட்டறைக்காரர் வாசலிலிருந்தே கத்தினார்: "அண்ணாச்சி, கைய எடும்! முதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணும்!"

அந்த ஒரு சத்தத்தில்தான் மாமாவின் முகம் தப்பியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

லெட் ஆசிட் பேட்டரி என்பது 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே உருவாக்கியது. இத்தனை வருடத்தில் மேலே ஒட்டும் லேபிள் மாறியிருக்கிறது, உள்ளே நடக்கும் கெமிஸ்ட்ரி மாறவில்லை. பேட்டரி காலியாகும்போது தகடுகளின் மேல் லெட் சல்பேட் படிகிறது, கந்தக அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் செய்யும்போது இது தலைகீழாக நடக்கிறது. மாற்றுவதற்கு சல்பேட் தீர்ந்த பிறகும் கரண்டை நிறுத்தாவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கரண்ட் தண்ணீரைப் பிரிக்க ஆரம்பிக்கும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளியே வரும். பல நாள் காலியாகக் கிடந்த பேட்டரியில் சல்பேட் இறுகிப் போயிருக்கும். அது சார்ஜை வாங்காது, கொடுக்கிற கரண்ட் சூடாகவும் வாயுவாகவும்தான் போகும். மாமா வீட்டில் நடந்தது இதுதான். முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து வருவது, விஷ வாயு.

வீடே வெடித்துவிடும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால், ஆறு செல்களும் சேர்ந்து சுமார் 25 லிட்டர் ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தால் அது தீப்பிடிக்கத் தயார். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரம் என்றால், சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் 4 சதவீதம் 1,100 லிட்டருக்கு மேல். ஆகவே ஒரே இரவில் அறை முழுவதும் அந்த அளவுக்கு வராது. ஆனால் பேட்டரிக்கு உள்ளேயும் அதன் மூடிகளுக்கு நேர் மேலேயும் இருக்கும் வாயு வேறு கதை. அங்கே ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எரிவதற்கு ஏற்ற கலவையாகவே இருக்கும். கரண்ட் ஓடிக் கொண்டிருக்கும்போது கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும். அந்தப் பொறி பறக்கும் இடமும் அதே மூடிக்குச் சில அங்குலம் பக்கத்தில்தான். பேட்டரி வெடித்துச் சிதறினால் குனிந்து நிற்பவரின் முகத்தில் அடிப்பது பிளாஸ்டிக் துண்டு மட்டும் அல்ல, ஆசிட்டும்தான்.

ஒரு நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்கிறது. முதலில் தாராளமாகக் கரண்ட் கொடுக்கும். 12 வோல்ட் பேட்டரி சுமார் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் வோல்ட்டேஜை அங்கேயே நிறுத்திக் கரண்டைத் தானாகக் குறைய விடும். நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறங்கி வெறுமனே காவல் இருக்கும். உங்கள் இன்வெர்ட்டரும் யுபிஎஸ்ஸும் தம்மளவில் செய்வது இதைத்தான். பழைய பட்டறை சார்ஜரில் இருப்பதோ ஒரு டிரான்ஸ்பார்மரும் சில டயோடுகளும் மட்டுமே. எப்போது குறைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அந்த புரோகிராம் பட்டறைக்காரரின் தலைக்குள் இருக்கிறது. அவர் மீட்டர் முள்ளைப் பார்ப்பார், பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பார், ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பார். அவருடைய பட்டறை நாலு பக்கமும் திறந்த கொட்டகை. நாம் தூக்கி வருவது ஹார்டுவேரை மட்டும். சாஃப்ட்வேர் பட்டறையிலேயே இருந்துவிடுகிறது. (சாஃப்ட்வேர்காரன் எல்லாவற்றிலும் சாஃப்ட்வேரைப் பார்க்கிறான் என்று மாமா சிரிப்பார்.)

பெரிய பேட்டரிக்கே இப்படி என்றால் யுபிஎஸ் பேட்டரியின் நிலையை யோசித்துப் பாருங்கள். வீடுகளில் வைக்கும் 600 விஏ யுபிஎஸ் பலவற்றுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஏஹெச் சீல்டு பேட்டரி. அதற்கு 2 ஆம்பியருக்கு மேல் கொடுக்கக் கூடாது. பட்டறை சார்ஜரோ 10, 15 ஆம்பியர் தள்ளக்கூடியது. சீல்டு பேட்டரியில் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. சூடாகும், வயிறு வீங்கும், வால்வு திறந்து வாயு வெளியேறும், உள்ளே காய்ந்து போகும். சூடாக ஆக இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், அதனால் இன்னும் சூடாகும். இந்தச் சுழலில் மாட்டிய பேட்டரியைக் காப்பாற்ற முடியாது. 7 ஏஹெச் பேட்டரி செத்தால் புதிது வாங்கிப் போடுங்கள். அதற்கு உயிர் கொடுக்கும் வைத்தியம் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதற்கு நேர்மாறான ஒரு வேலையும் நம் ஊரில் உண்டு. யுபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்குகிறது என்று, அதைக் கழற்றி வயர் இழுத்து ஒரு கார் பேட்டரியைக் கட்டுவது. தமிழ்நாட்டில் பல மணி நேரப் பவர் கட் இருந்த 2012-ல் இது பெரிய புத்திசாலித்தனமாகப் பேசப்பட்டது. யுபிஎஸ்ஸின் குட்டிச் சார்ஜர் அந்தப் பெரிய பேட்டரியை நிரப்ப நாள் கணக்கில் திணறும். பத்து நிமிடம் ஓடுவதற்காகச் செய்த டிரான்ஸ்பார்மர் ஒரு மணி நேரம் ஓடினால் கொதித்துவிடும். எல்லாவற்றையும் விட ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது. சில யுபிஎஸ் மாடல்களில் பேட்டரி முனைகள் மெயின்ஸிலிருந்து தனிமைப்படுத்தப்படவில்லை. 12 வோல்ட்தானே என்று வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் வயரைத் தொட்டால் 230 வோல்ட் அடிக்கலாம். நீண்ட நேரம் வேண்டும் என்பவர்கள் இன்வெர்ட்டர்தான் வாங்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தை ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா? பல மாடல்களில் பேட்டரி வகையைத் தேர்வு செய்யும் சுவிட்ச் ஒன்று இருக்கும். டியூபுலருக்கு ஒரு வோல்ட்டேஜ், சீல்டு பேட்டரிக்கு அதைவிடக் குறைந்த வோல்ட்டேஜ். சீல்டு பேட்டரியை மாட்டிவிட்டு சுவிட்சை டியூபுலரில் விட்டால், பட்டறை சார்ஜர் ஒரே இரவில் செய்யும் கெடுதலை இது சில மாதங்களில் மெதுவாகச் செய்யும். பேட்டரி மாற்ற வருபவர் இதைப் பார்ப்பார் என்று நம்பிக் கொண்டிருக்காதீர்கள். எங்கள் வீட்டில் பார்க்கவில்லை. இதை விளக்கும் கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. தமிழ்நாட்டில் விற்கிற பெட்டிக்குள் தமிழில் ஒரு பக்கம் வைக்க என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பின்பக்கத்துச் சுவிட்ச் என்ன, வாசனை வந்தால் என்ன செய்வது, இந்த இரண்டை மட்டும் எழுதியிருந்தால்கூடப் போதும்.

அந்த வாசனை உங்கள் வீட்டில் வந்தால் செய்ய வேண்டியது இது. பேட்டரியின் அருகில் போகாமல், கிளிப்பைத் தொடாமல், சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது. வாசனை முழுதும் போய், பேட்டரி ஆறிய பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். மாட்டும்போதும் இதே முறைதான்: முதலில் கிளிப்புகள், சிவப்பு பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு, கடைசியாகத்தான் மெயின் சுவிட்ச். ஆசிட் கண்ணில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 15, 20 நிமிடம் கழுவிக் கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தரையில் சிந்தினால் ஆப்பச் சோடாவைத் தூவிப் பிறகு கழுவலாம்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் மோதிரமும் வளையலும் போட்ட கையோடு பேட்டரியில் வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பேனரோ மோதிரமோ இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், தங்கம் விரலிலேயே பழுத்துவிடும். கழற்றி வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பேட்டரிக்கு ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குடிக்கிற ஆர்ஓ தண்ணீர் அல்ல, ஆசிட் கண்டிப்பாக அல்ல. சார்ஜில் போவது தண்ணீர்தான், ஆசிட் போவதில்லை.

பேட்டரி முழுக்கக் காலியாகி இன்வெர்ட்டர் அதை ஏற்காவிட்டால் பேட்டரியையே கடைக்குக் கொண்டு போங்கள். கனமாக இருக்கும், ஓர் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். அங்கே சார்ஜ் போட்டு, அது தாங்குகிறதா என்றும் சோதித்துச் சொல்வார்கள். வீட்டில் சார்ஜர் வேண்டும் என்பவர்கள் தானாகக் கட் ஆகும் ஆட்டோமேட்டிக் சார்ஜரை வாங்குங்கள். பேட்டரியின் ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் போதும், 150 ஏஹெச்சுக்கு 15. பேட்டரியைக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியிலும் படுக்கை அறையிலும் வைக்காதீர்கள், காற்றோட்டமான வராந்தாவில் வையுங்கள்.

மாமா வீட்டுப் பேட்டரி பிழைக்கவில்லை. பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். ஆசிட் புகை பட்ட மேஜையின் இரும்புக் கால்களில் முதலில் துரு ஏறியது. பிறகு கேபினட்டின் பின்பக்க ஸ்குரூக்கள் துருப்பிடித்தன. ஆறாவது மாதம் மதர்போர்டு போனது. கழற்றிப் பார்த்த சர்வீஸ் பையன், "கடற்கரையில் வைத்திருந்தீர்களா?" என்று கேட்டான்.