பழைய கடன் புது வீட்டுக்கு எமனா?

சொந்தமாக ஒரு வீடு வேணும் என்று ஊட்டி, குன்னூர் வாசிகள் பாங்கிப் படி ஏறுகிறார்கள். "சிபில் சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்!

சிபில் என்பது கடன் வாங்கியவரின் ஜாதகம். 300 முதல் 900 வரை மார்க். பச்சைத் தேயிலை விலை விழுந்து தவணை தவறினாலும் அதில் ஏறிவிடும். பேசி, குறைத்துக் கட்டிய கடனை "முடிந்தது" என்று எழுத மாட்டார்கள். "செட்டில்டு" என்றுதான் எழுதுவார்கள். அது கறை! மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்று சான்று வாங்குவதே நல்லது.

முழுசாகக் கட்டியும் பாக்கி என்று காட்டினால்? புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் தினம் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் பாங்கி கொண்டுவந்த சட்டதிட்டம் இது. வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையும் இலவசம். ஆகவே, மனு போடுமுன் ஜாதகத்தைப் பாருங்கள்.

பாங்கி அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தேயிலை விலை விழுந்தது தோட்டக்காரர் செய்த குற்றமா? இன்று ஒழுங்காகத் தவணை கட்டுகிறவரை, நேற்றைய கறையைக் காட்டி விரட்டலாமா? மார்க்கைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே மனுஷனையும் பாருங்கள்!