நம் ஆள் சொன்னால் போதுமா?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு நம் பகுதியில் நடந்ததை மூடி மறைக்க நாம் விரும்பவில்லை. மூன்றாவது சந்தில் உள்ள நம்மவர் மளிகைக் கடையைப் பீகார்காரர்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள் என்று கைப்பேசிகளில் செய்தி பரவியது. அனுப்பியவர் அந்நியர் அல்லர். ஒரே ஊர்க்காரர், நம்மோடு கபடி ஆடியவர். அவருக்கு இன்னொரு நண்பர் அனுப்பியிருந்தார். அரை மணி நேரத்தில் நாற்பது பேர் தடியோடு கூடிவிட்டார்கள். சங்கத்தின் செயற்குழுவைச் சேர்ந்த நாங்கள் சிலரும் அக்கூட்டத்தில் நின்றோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். சாயாக் கடையில் கிளாஸ் கழுவும் பீகார்ப் பையனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் குறுக்கே நின்று, "கண்ணால பார்த்தவன் யாரு? முன்னால வா" என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை. வந்தது வசைதான். "நீ யாரு பக்கம்?" என்றார்கள். "இனத் துரோகி" என்றார்கள். கடைக்குப் போய்ப் பார்த்தால், பின்னால் எடுத்த லாரி இடித்து ஷட்டர் நெளிந்திருந்தது. கடைக்காரரே அதைச் சொன்னார். அவ்வளவுதான் சேதி! ஆனால் அந்தப் பையன் மறுநாளே ரயிலேறிப் போய்விட்டான். இன்னும் திரும்பவில்லை.

நாற்பது பேரும் முட்டாள்களா? இல்லை. கெட்டவர்களா? அதுவும் இல்லை. அவர்கள் நம்பியது செய்தியை அல்ல, அனுப்பியவரை. அவரிடம் "நிஜமா?" என்று கேட்பதே நட்புக்குச் செய்யும் குற்றமாகத் தோன்றியது. வயிற்றுப் பிழைப்புக்கு ஊரை விட்டு வந்த நமக்கு வேலை பிடித்துக் கொடுத்ததும், குடியிருக்க இடம் காட்டியதும், காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி ஊற்றியதும் நம் ஆட்கள்தான். அவர்களை விட்டால் நாதியில்லை என்ற பயம் எலும்பில் ஊறியிருக்கிறது. ஆகவே கூட்டம் நம்புவதை நாமும் நம்புகிறோம். நம்பாதவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருடைய மௌனமும் அடுத்தவருக்குச் சாட்சியாகிவிடுகிறது!

இது தமிழனுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. ஆனால் ஊரிலிருந்து அண்ணனும் மச்சானும் போனில் அலறும்போது போலீஸ் விளக்கம் யார் காதில் ஏறும்? பலர் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரிக்க நேர்ந்தது.

1966ல் சிவசேனை தோன்றியபின் இதே பம்பாயில், "மதராஸி உன் வேலையைப் பறிக்கிறான்" என்ற பேச்சு பரவியதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. தென்னாட்டவர் பெயர்களைப் பட்டியல் போட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. அன்று அடி வாங்கியவர்களின் பிள்ளைகளா இன்று தடி எடுப்பது?

2018 ஜூலை 1 அன்று துளே மாவட்டம் ரைன்பாடா கிராமத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் 5 பேர் அடித்தே கொல்லப்பட்டார்கள். அவர்கள் பிச்சை கேட்டு வந்த நாடோடிகள். நம் சந்தில் அன்று ஒருவர் குறுக்கே நின்றிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"கேள்வி கேட்டால் ஒற்றுமை குலையாதா?" என்கிறார்கள் சில தோழர்கள். ரயில்வேயில் உழைக்கும் நம்மவர்களைக் கேளுங்கள். அடுத்தடுத்த ஸ்டேஷன் மாஸ்டர்கள் இருபது வருஷச் சிநேகிதர்களாக இருக்கலாம். குரலைக் கேட்டே ஆளைச் சொல்வார்கள். ஆனாலும் போனில் லைன் கிளியர் கொடுக்கும்போது பிரைவேட் நம்பர் சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதியே ஆகவேண்டும். "என்னை நம்பவில்லையா?" என்று யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வண்டியில் இருப்பவை ஆயிரம் உயிர்கள்! சந்தில் இருப்பவையும் உயிர்கள்தானே?

உண்மையில் ஒற்றுமையைக் குலைப்பது பொய்தான். கூலி உயர்வு கேட்டு நாம் நிற்கும் நாளில், "உன் தலைவன் பணம் வாங்கிவிட்டான்" என்று ஒரு நண்பன் வாயிலாக ஒரு வரி அனுப்பினால் போதும், முதலாளிக்கு வேறு அடியாள் வேண்டாம். விசாரிக்கப் பழகாத சங்கம் அன்று ஒரே இரவில் சிதறிப் போகும்.

வழி தவறும் நண்பனை இடித்துரைப்பதுதான் நட்பு என்று கருதியவர் வள்ளுவர். அதன்படி அன்று நமக்கு உண்மையான நண்பராக நின்றவர் ஒரே ஒருவர். அவரைத் துரோகி என்றோம். அவரிடம் இந்தப் பக்கத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறோம். அந்தப் பையனுக்கு அவன் முதலாளி மூலம் சேதி சொல்லி, திரும்ப அழைப்பது சங்கத்தின் பொறுப்பு. அவன் வந்து இறங்கும் நாளில் ஸ்டேஷனுக்கு நாங்களே போவோம்.

இனி எந்தச் செய்தி வந்தாலும், எவ்வளவு நெருங்கியவர் அனுப்பினாலும், பிறருக்கு அனுப்புமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ பார்த்தாயா?" கேட்பவரைத் துரோகி என்று யாரும் சொல்லாத இடமாக நம் சந்து ஆகட்டும்!