கை அசைந்தால் கடிகாரம் ஓடும்



ஐப்பசி மழைநாள் ஒன்றில், நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைக் காண ஏற்காட்டில் அவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தேன். காப்பித் தோட்டத்தில் நெடுங்காலம் மேஸ்திரியாகப் பணிபுரிந்தவர் அவர். பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து, மூன்று மாதங்களாகக் கட்டிலில் கிடந்தார். நற்கருணை வழங்கிவிட்டு எழுந்தபோது அவருடைய மகள் என்னை வாசலுக்கு அழைத்துச் சென்றார்.

"சாமி, அப்பா கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அடிக்கடி நின்றுபோகிறது. முப்பது வருஷம் நிற்காமல் ஓடியது. அவர் காலம் முடியப்போகிறது என்பதற்கு இது அடையாளம் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்" என்று கூறிக் கண்கலங்கினார்.

அந்தக் கடிகாரம், முதியவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சீக்கோ-5. சாவி கொடுக்கவேண்டிய தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வகை. அது நின்றதும் வீட்டார் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் திறந்து பார்த்து, "மெஷின் போய்விட்டது, இதை எடுத்துவிட்டு பேட்டரி மெஷின் வைத்துத் தருகிறேன்" என்றாராம். முதியவர் சம்மதிக்கவில்லை. திரும்பி வந்த கடிகாரத்தின் பின்மூடியில் புதிய கீறல்கள். கையில் எடுத்து அசைத்தால் உள்ளே கடகடவென்ற ஓசை.

இந்த வகைக் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்திருந்தால் இத்துணைக் கலக்கம் நேர்ந்திராது. நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் இத்தகைய கடிகாரங்கள் இருப்பதால், அதனைச் சற்று விரிவாகவே கூறுகிறேன்.

பழைய கடிகாரம் எதுவாயினும் அதன் உயிர் மெயின் ஸ்பிரிங் என்னும் சுருள்வில்லில் இருக்கிறது. சாதாரணக் கடிகாரத்தில் நாள்தோறும் காலையில் சாவியைத் திருகி அந்த வில்லை இறுக்குகிறோம். ஆட்டோமேட்டிக் கடிகாரத்தின் பின்பகுதியிலோ, அரைவட்ட வடிவில் கனமான தகடு ஒன்று தன் அச்சில் தடையின்றிச் சுழலும்படி பொருத்தப்பட்டுள்ளது. இதற்கு ரோட்டர் என்று பெயர். நாம் நடக்கும்போதும், உண்ணும்போதும், எழுதும்போதும் கை அசைகிறது, தகடு சுழல்கிறது, அதன் சுழற்சி வில்லை இறுக்குகிறது. வில் முழுவதும் இறுகிய பின்னர் அதன் வெளிமுனை வழுக்கிக் கொடுப்பதால், அளவுக்கு மீறி இறுகி அறுந்துவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை.

ஆகவே, கடிகாரம் தானாக ஓடுகிறது என்று நாம் சொல்வது முழு உண்மையன்று. கட்டியிருப்பவரின் உழைப்பே அதனை ஓட்டுகிறது. தோட்டத்து மேட்டிலும் பள்ளத்திலும் நாளெல்லாம் ஏறி இறங்கிய கை அதற்கு முப்பது ஆண்டுகள் ஓயாமல் சாவி கொடுத்தது. இடக்கை அசைவற்றுப் போனதும், சேர்ந்திருந்த விசை தீர்ந்து கடிகாரம் நின்றது. இதில் பழுதும் இல்லை, அபசகுனமும் இல்லை. இதனை அந்த மகளிடம் விளக்கிச் சொன்னேன். ஓசையின் காரணத்தை அறிவதற்காகக் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திற்கு இறங்கினேன்.

கடைவீதியில் வயது முதிர்ந்த கடிகாரத் தொழிலாளி ஒருவர் அகப்பட்டார். கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தார். ரோட்டரைப் பிடித்திருக்கும் திருகாணி சரியாக முடுக்கப்படாமையால் தகடு மூடியில் உரசிக்கொண்டிருந்தது. இல்லாத நோய்க்குச் செய்த வைத்தியம் விட்டுச்சென்ற வடு அது! அவர் அதனைச் சரிசெய்து, காய்ந்திருந்த எண்ணெயைத் துடைத்துப் புதிதாக இட்டு, இரண்டு நாள் தம் கையிலேயே கட்டிப் பார்த்தார். பின்னர், "சாமி, இது நன்றாக ஓடுகிறது. இனிமேல் இதற்கு வேண்டியது ஆடுகிற கை ஒன்றுதான்" என்றார்.

இவரைப் போன்றோர் ஏன் அரிதாகிவிட்டனர்? ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயத் தொழிலாளி, சாவித்தண்டின் துளை வழியே தூசியும் ஈரமும் புகுவதைக் கண்டு, சாவியே இல்லாத கைக்கடிகாரம் ஒன்றை அமைத்து 1924-இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை நிறுவியது. சாவி கொடுக்கும் ஜனதாவும் பைலட்டும், தானே இயங்கும் கஞ்சனும் இந்திய இல்லங்களில் இடம் பெற்றன.

இதற்கிடையே 1969-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் இணைந்து தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து பேட்டரிக் கடிகாரங்களை நாடெங்கும் பரப்பியது. அவை மலிவானவை, நேரம் தவறாதவை, பேட்டரியை மாற்றினாலே போதுமானவை. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உதிரிப் பாகம் வேண்டுமென்றால், பழைய கடிகாரம் ஒன்றைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும் என்னும் நிலை வந்தது. வேலை குறைந்தது, தந்தையின் தொழிலை மகன் ஏற்கவில்லை.

எனவே, வீட்டில் ஆட்டோமேட்டிக் கடிகாரம் வைத்திருப்போர் பழுது எது, பழுதல்லாதது எது என்பதைத் தாங்களே ஓரளவு பகுத்தறிதல் நலம். நின்றுவிட்ட கடிகாரத்தைப் படுக்கைவாட்டில் பிடித்து, பக்கவாட்டில் அரை நிமிடம் மெல்ல ஆட்டுங்கள். முரட்டுத்தனமாகக் குலுக்கலாகாது. ஓடத் தொடங்கினால் ஒருநாள் முழுவதும் கையில் கட்டியிருந்து, இரவில் கழற்றி வையுங்கள். நல்ல நிலையிலுள்ளது மறுநாளும் ஓடிக்கொண்டிருக்கும். பொதுவாக நாற்பது மணி நேரம் வரை தாங்கும். சில மணி நேரத்தில் நின்றுவிட்டால் எண்ணெய் காய்ந்திருக்கலாம். அல்லது வில்லை இறுக்கும் உறுப்புகள் தேய்ந்திருக்கலாம். அப்போது தொழிலாளியை நாடுங்கள். சீக்கோ-5 வகையில் பழைய கடிகாரங்கள் பலவற்றில் சாவியைத் திருகினாலும் வில் இறுகாது. அது அமைப்பே; கோளாறன்று. இரவு ஒன்பது மணி முதல் விடியற்காலை நான்கு மணி வரை சாவியால் தேதியையும் கிழமையையும் மாற்றாதீர்கள். அவ்வேளையில் தேதிச் சக்கரங்கள் பிணைந்திருப்பதால் பற்கள் முறியக்கூடும்.

மலைவாழ் மக்களுக்குத் தனியே ஒரு சொல். சேர்வராயன் மலையின் மூடுபனியும் ஈரக்காற்றும் கடிகாரத்திற்குப் பகை. குளிருக்கு இதமாக வெந்நீரில் குளிக்கும்போது கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். வெந்நீரும் நீராவியும் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுக்கும். கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தால் ஒருநாளும் தாமதியாதீர்கள். துரு ஏறிவிட்டால் மீட்பது கடினம். ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் வைத்தால் காந்தம் ஏறி, கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கும். கடையில் கொடுக்கும்போது, "பழைய மெஷினை மாற்றவேண்டாம்; எந்த உறுப்பை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தாருங்கள்" என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

இனி, மேஸ்திரியின் வீட்டுக்கு வருவோம். கடிகாரத்தை அவருடைய வலக்கையில் கட்டினோம். ஆயினும் படுக்கையிலிருப்பவரின் கையசைவு போதவில்லை, விடியுமுன் நின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பேரனை அழைத்து, "தம்பி, பகலெல்லாம் இதை நீ கட்டிக்கொள். மாலையில் தாத்தா கையில் கட்டிவிடு" என்றேன். நோய்ப்படுக்கையின் அருகே செல்லத் தயங்கி, வாசலிலேயே நின்று பழகியிருந்த பிள்ளை அவன்.

அடுத்த மாதம் சென்றபோது கட்டிலின் ஓரத்தில் அவன் அமர்ந்திருந்தான். காலையில் கழற்றவும் மாலையில் கட்டவும் நாளுக்கு இருமுறை தாத்தாவின் கையைப் பிடித்தாகவேண்டும் அல்லவா? பிடித்த கையை உடனே விட மனம் வராமல், பள்ளிக் கதைகளைச் சொல்லத் தொடங்கியிருந்தான். குழறிய சொற்களால் தாத்தாவும் மறுமொழி கூறிக்கொண்டிருந்தார். "இப்போது நிற்பதே இல்லை, சாமி" என்றார் மகள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் நின்றுபோன கடிகாரம் ஒன்று இருக்கக்கூடும். அதைக் கடைக்குக் கொண்டுசெல்லுமுன், ஒருநாள் கையில் கட்டிப் பாருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால், அவர் கையில் நீங்களே கட்டிவிடுங்கள்.